இரவு இரண்டு குவாட்டர், காலை எட்டரைக்கு வேலை: நிறுத்த வழி கேட்கிறேன்

மைக்ரோமீட்டர்
21 ஆகஸ்ட் 2024, இரவு 11.20

வயது 42. கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஓர் ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் 16 ஆண்டுகளாக இருக்கிறேன். வீட்டில் மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகன், அப்பா. ஏழு ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறேன். இப்போது அளவு இரவில் இரண்டு குவாட்டர். ஞாயிற்றுக்கிழமைக்குக் கணக்கில்லை.

போன வாரம் வரை குடியால் ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. அதைப் பெருமையாகவே வைத்திருந்தேன். குடிகாரன் என்றால் சாக்கடையோரம் கிடப்பவன். நான் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு எட்டரை மணிக்கு வருகைப் பதிவில் விரல் வைக்கிறவன்.

ஆகஸ்ட் 15 அன்று கடை கிடையாது என்று முதல் நாளே மூன்று வாங்கி வைத்தேன். மூன்றும் அன்றிரவே தீர்ந்துவிட்டன. மறுநாள் மாலை, கொடியேற்றத்தில் கொடுத்த மிட்டாயை மகன் என்னிடம் நீட்டினான். உறையைப் பிரிக்க முடியவில்லை. விரல்கள் ஒன்றையொன்று பிடிக்கவே இல்லை. அவனே வாங்கிப் பிரித்து என் வாயில் போட்டான். இரவெல்லாம் பனியன் பிழியும் அளவுக்கு வியர்வை. மின்விசிறிச் சத்தத்துக்குள் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். 16ஆம் தேதி அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு 12 மணிக்குக் கடை திறக்கும்வரை ஷட்டருக்கு எதிரே நின்றேன். குடித்த பத்தாவது நிமிடத்தில் கை நடுக்கம் நின்றுவிட்டது. நடுங்கிய கையைவிட அந்த நின்ற கைதான் என்னைப் பயமுறுத்தியது.

அன்றிலிருந்து காலையிலும் ஒரு கட்டிங். கடை மதியம்தான் திறக்கும் என்பதால் முதல் நாள் இரவே 90 மில்லியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிறேன்.

என் வேலை பம்ப்பில் சுழலும் தண்டுகளான ஷாஃப்ட்களை அளப்பது. மைக்ரோமீட்டர் என்ற அளவுக்கருவியின் முனையில் உள்ள ராட்செட்டைத் திருகினால் மூன்று முறை சொடுக்கும். அதுவரை கை அசையக் கூடாது. ஜூலையில் அளவு குறைந்த 40 ஷாஃப்ட்களைச் சரியென்று முத்திரையிட்டு அனுப்பிவிட்டேன். வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தன. பழி பயிற்சிக்கு வந்த பையன்மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

சம்பளம் 20,400. ஆலையில் யாருக்கும் தெரியாமல், வேலை போகாமல் நிறுத்த வழி உண்டா? திங்கட்கிழமையிலிருந்து ஒரே மூச்சில் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.


ஒற்றைப்பனை
22 ஆகஸ்ட் 2024, காலை 6.05

அந்தத் "திங்கட்கிழமை ஒரே மூச்சில்" என்பதை மட்டும் செய்யாதீர்கள் நண்பரே. மற்றதைப் பிறகு பேசுவோம்.

நான் பல்லடம் பக்கம் நூற்பாலையில் வேலை பார்த்தவன். ஆண்டுதோறும் கார்த்திகை முதல் தேதி மலைக்கு மாலை போட்டுக் குடியை நிறுத்துவேன். மாலை கழற்றிய அன்றே விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். எட்டு ஆண்டுகள் இப்படியே ஓடின. ஒன்பதாவது ஆண்டு மாலை போட்ட இரண்டாம் நாள், ரிங் ஃபிரேம் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அடுத்து நினைவு வந்தபோது ஆம்புலன்ஸில் இருந்தேன். ஃபிட்ஸ். நாக்கைக் கடித்துச் சட்டையெல்லாம் ரத்தம். விரதத்தில் ஏதோ குறை, சாமி குற்றம் என்று ஊரே பேசியது. குடியைத் திடீரென்று அறுத்ததால் வந்தது என்று சொன்னவர் அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர்தான்.

இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் தலை எந்திரத்துக்குள் போயிருக்கும். நீங்களும் எந்திரங்களுக்கு நடுவில் வேலை செய்பவர்.


உழவர்_சந்தை
22 ஆகஸ்ட் 2024, காலை 9.48

பயமுறுத்தாதீர்கள் ஐயா. என் சித்தப்பா 30 ஆண்டுகள் குடித்தவர். பேத்தி பிறந்த செய்தி வந்த அன்று, இருந்த பாட்டிலைச் சாக்கடையில் கொட்டினார். இன்றுவரை தொடவில்லை. ஒரு மாத்திரை உண்டா, மருந்து உண்டா? மன உறுதி வேண்டும், அவ்வளவுதான். இப்போது எல்லாவற்றுக்கும் நோய் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். தப்புச் செய்தவனுக்கு அது வசதியாகப் போய்விடுகிறது.

இன்னொன்று. 2003இல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டதிலிருந்துதான் தெருவுக்குத் தெரு இந்தக் கேடு. கடைகளை மூடட்டும், நாடு தானாகத் திருந்தும்.


இரவுப்பணி
22 ஆகஸ்ட் 2024, பிற்பகல் 3.30

நான் மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனையொன்றின் மனநலப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியர். இப்போதுதான் தூங்கி எழுந்தேன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உழவர் சந்தை ஐயா, உங்கள் சித்தப்பாவுக்கு வந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வராது. மன உறுதி தேவைதான், பின்னால் மலையளவு தேவைப்படும். ஆனால் முதல் ஐந்து நாளைக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கதவை ஒருவன் வெளியிலிருந்து தள்ளுகிறான், உள்ளே இருப்பவன் திறக்கவிடாமல் முட்டுக்கொடுத்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பவன் சட்டென்று விலகினால் உள்ளே இருப்பவன் குப்புற விழுவான். ஆண்டுக்கணக்காக மதுவுக்கு எதிராக முட்டுக்கொடுத்துப் பழகிய மூளையும் அப்படித்தான். கடைசியாகக் குடித்த ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும். ஃபிட்ஸ் வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும்: சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார்கள், மனைவியை யார் என்று கேட்பார்கள், காய்ச்சல் ஏறும், நாடி தறிகெட்டு ஓடும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்தது முந்தையதைவிடக் கடுமையாக வரக்கூடும். ஒற்றைப்பனைக்கு ஒன்பதாவது மாலையில் வந்தது அதுதான்.

கடையை மூடினால் எல்லாம் சரியாகும் என்பதற்கு ஒரு வார்த்தை. 2020 மார்ச் 24 மாலை கடைகள் மூடின. மே 7 அன்றுதான் திறந்தன. அந்த ஏப்ரலில் எங்கள் வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் கிடந்தார்கள். மூடுவது தப்பு என்று சொல்லவில்லை. மூடும் நாளில் இவர்களுக்குக் கட்டில் தயாராக இருக்க வேண்டும் என்கிறேன்.

தம்பி மைக்ரோமீட்டர், மின்விசிறிக்குள் குரல் கேட்டது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். போகிறபோக்கில் விடக்கூடிய விஷயம் அல்ல அது. உங்களுக்கு வீட்டில் வைத்து நிறுத்துவது சரிவராது, மருத்துவமனையில் சேர்ந்துதான் ஆக வேண்டும். சேரும்வரை நீங்களாக அறுக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். வார்டில் பெரிய வித்தை ஒன்றும் நடக்காது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கல்லீரல் பரிசோதனைகள் எடுப்பார்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன்பே தயமின் ஊசி போடுவார்கள். குடிப்பவர்கள் உடம்பில் அந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும், வற்றினால் நினைவாற்றலையே கொண்டுபோய்விடும். நடுக்கத்துக்கும் ஃபிட்ஸுக்கும் குளோர்டயஸெபாக்சைடு போன்ற மாத்திரைகளை முதல் நாள் அதிகமாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். கடையில் வாங்கித் தாமாகப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல அது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடக்கூடும்.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். குவாட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் ஏறக்குறைய 60 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். இரண்டு குவாட்டர் முழுவதும் தீர மறுநாள் முற்பகல் ஆகிவிடும். அதற்குள் காலைக் கட்டிங் வேறு உள்ளே போகிறது. வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்த எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். இஸ்திரிச் சட்டையோடு ஆலை வாசலுக்கு வண்டியில் வரும்போது நீங்கள் அதைத் தாண்டியிருப்பீர்கள்.


மழைக்கோடு
22 ஆகஸ்ட் 2024, இரவு 9.15

அண்ணா, உங்கள் மனைவி இந்த இழையைப் படிக்க நேர்ந்தால் என்பதற்காக எழுதுகிறேன்.

"குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலக்கலாம்" என்று பஸ்ஸின் பின்புறமும் சுவரிலும் விளம்பரம் இருக்குமே, அதை நம்பிய ஆள் நான். யாரோ ஒருவர் வாங்கிக் கொடுத்த மாத்திரையைப் பொடித்து மூன்று நாள் ரசத்தில் கலந்தேன். புளிப்பில் தெரியாது என்றார்கள். நான்காம் நாள் என் கணவர் ஒரு கல்யாணத்தில் குடித்தார். முகம் செங்கல்லாகச் சிவந்து, வாந்தியெடுத்து, பந்தியிலேயே சரிந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள். ரசத்தில் என்ன போட்டேன் என்று மருத்துவரிடம் சொல்வதற்குள் என் நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அது டைசல்ஃபிரம் என்று பிறகு தெரிந்தது. சாப்பிடுபவர் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து. நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்குமாம். அன்றைக்கு உயிர் பிழைத்தார், என்னை நம்புவதை விட்டுவிட்டார். ஆறு மாதம் நான் சமைத்ததைச் சாப்பிடவே இல்லை, ஓட்டலிலிருந்து வாங்கி வருவார். இத்தனைக்கும் என் ரசத்துக்கு அவர் பெரிய ரசிகர்.

கடைசியில் சென்னை அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளைக்குப் போனோம். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய இடம். அங்கே வீட்டாருக்கும் தனியாக வகுப்பு வைத்தார்கள். குடித்தவருக்குத்தானே சிகிச்சை, எனக்கு எதற்கு என்று முதல் நாள் சண்டை போட்டேன். பாட்டிலை ஒளித்து வைப்பது, மேலாளருக்குப் போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வது, கடனை அடைப்பது என்று அவருடைய குடியில் பாதி வேலையை நான் செய்துகொண்டிருந்தேன் என்பது அங்கேதான் தெரிந்தது.


கேட்_பாஸ்
23 ஆகஸ்ட் 2024, காலை 10.10

தொழிற்சாலையொன்றில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். கேட்டவர் வேலையைப் பற்றித்தானே கேட்டார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

உங்கள் சம்பளம் 21,000க்குள் இருப்பதால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருப்பீர்கள். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்நோயாளியாகச் சேர்வதற்கு உங்கள் கையிலிருந்து பணம் போகாது. மருத்துவர் சான்று கொடுக்கும் நாட்களுக்கு நோய்க்காலப் பலன் உண்டு: முதல் இரண்டு நாள் போக, சராசரி ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அந்தப் பலன் பெறும் நாட்களில் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று இப்போது 2024இல் நடப்பில் உள்ள இஎஸ்ஐ சட்டத்தின் 73ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் மருத்துவக் காப்பீட்டை நம்பிப் போகாதீர்கள். பெரும்பாலான பாலிசிகளில் குடிநோய்ச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கும்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மதுவால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவமனை உங்கள் அனுமதியின்றி ஆலைக்குச் சொல்ல முடியாது.

இப்போது கசப்பான பகுதி. குடித்துவிட்டுப் பணிக்கு வருவது அநேகமாக எல்லா ஆலைகளின் நிலையாணை என்ற பணிவிதிகளிலும் ஒழுங்கீனம்தான். பிடிபட்ட பிறகு "எனக்கு நோய்" என்று வருபவர்களை என் மேசைக்கு எதிரே நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போது என் கையில் விசாரணைக் கோப்பு இருக்கும், என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பிடிபடும் முன் வந்தவர் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டே பேர். இருவரும் இன்றும் வேலையில் இருக்கிறார்கள். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம். உங்கள் நேர் மேலாளர் ஒருவரிடம் மட்டும், "சிகிச்சைக்குச் சேர்கிறேன், பத்து நாள் ஆகும், சான்று தருகிறேன்" என்று சொல்லுங்கள். ஷாஃப்ட் கதையை அங்கே எடுக்காதீர்கள். அது வேறு, இது வேறு.


ஒற்றைப்பனை
23 ஆகஸ்ட் 2024, இரவு 8.40

ஷாஃப்ட் விஷயத்தில் கேட் பாஸ் அவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. வேலைக்கு அது வேறாக இருக்கலாம். குடிப்பவனுக்கு அது வேறு அல்ல. அந்தப் பையன் தினமும் இவர் கண் முன்னால் நிற்கப் போகிறான்.


மைக்ரோமீட்டர்
25 ஆகஸ்ட் 2024, இரவு 10.30

எல்லாவற்றையும் மூன்று முறை படித்தேன். இரண்டாம் முறை மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். ரசம் பகுதி வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இரவுப்பணி அக்கா ஒரு வினாத்தாளைத் தனிச்செய்தியில் அனுப்பியிருந்தார். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது, பத்துக் கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். 20ஐத் தொட்டாலே குடிக்கு அடிமைப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு என்று அர்த்தமாம். எனக்கு 29. பள்ளியில்கூட இவ்வளவு விகிதம் எடுத்ததில்லை.

நேற்று மேலாளரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள், "இன்றைக்காவது சொன்னீர்களே" என்றார். எட்டரை மணிக்கு நான் மெல்லும் பாக்கின் வாசனை எனக்கு முன்னால் பிரிவுக்குள் வந்துவிடுமாம். பாக்குக்கு அடியில் இருக்கும் வாசனையும் வருமாம். கேண்டீன் பையன் உட்பட எல்லாருக்கும் தெரியுமாம். தண்ணீர் பாட்டில், பாக்கு, பின்வழியாகக் கழிப்பறைக்குப் போவது என்று ஏழு ஆண்டுகளாக நான் செய்த ஏற்பாடெல்லாம் என் ஒருவனிடமிருந்து மறைக்கத்தான் பயன்பட்டிருக்கிறது.

ஷாஃப்ட் பற்றியும் சொல்லிவிட்டேன், கேட் பாஸ் சார் மன்னிக்க வேண்டும். வாயில் தானாக வந்துவிட்டது. அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, அதற்கு மெமோ கட்டாயம் வரும், திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

நாளை கிருஷ்ண ஜெயந்தி விடுமுறை. செவ்வாய் காலை போகிறேன்.


கேட்_பாஸ்
25 ஆகஸ்ட் 2024, இரவு 11.02

நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னதும் தப்பாகப் போகவில்லை. விடுப்பு விண்ணப்பத்தில் "மருத்துவச் சிகிச்சை" என்பதற்கு மேல் ஒரு சொல் எழுத வேண்டாம். சான்றின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.


மைக்ரோமீட்டர்
8 செப்டம்பர் 2024, காலை 7.15

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். மறுநாள் சதுர்த்திக்குக் கொழுக்கட்டைக்குச் சொப்புப் பிடித்தது நான்தான். மாவு விரலில் ஒட்டியதே தவிர, விரல் நடுங்கவில்லை. மகன் எண்ணிக்கொண்டே இருந்தான், 21 பிடித்தேன்.

வார்டு நாட்களில் முதல் மூன்றைப் பற்றி எனக்கு நினைவு குறைவு. மனைவி சொன்னது: இரண்டாம் இரவு கட்டிலுக்கு அடியில் ஷாஃப்ட் உருளுகிறது, யாராவது பிடியுங்கள் என்று கத்தினேனாம். பக்கத்துக் கட்டிலில் ஓர் ஆசிரியர், எதிர்க் கட்டிலில் மொத்தக் காய்கறி வியாபாரி. மூவருமே வேலையில் இருப்பவர்கள். நான் நினைத்திருந்த சாக்கடையோர ஆளை அந்த வார்டில் காணவில்லை.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் அளவுகள்: எஸ்ஜிஓடி 148, எஸ்ஜிபிடி 66, காமா ஜிடி 312. முதலாவது இரண்டாவதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால் காரணம் பெரும்பாலும் குடிதான் என்றார் மருத்துவர். கல்லீரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது, இன்னும் சுருங்கவில்லை. குடிக்காமல் இருந்தால் கொழுப்பு கரையும் என்றார். கல்லீரலுக்கு பாரம் தராத மருந்தென்று அகாம்ப்ரோசேட் எழுதியிருக்கிறார், மூன்று வேளை.

நாளை வேலைக்குப் போகிறேன். மெமோ காத்திருக்கும்.


உழவர்_சந்தை
8 செப்டம்பர் 2024, காலை 11.30

நல்லது. ஆனால் மூன்று வேளை மாத்திரை என்பது ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பதுதானே என்று கேட்பேன். கேட்டால் எல்லாரும் என்மேல் பாய்வீர்கள்.


இரவுப்பணி
8 செப்டம்பர் 2024, பிற்பகல் 2.20

பாயவில்லை ஐயா. அந்த மாத்திரையில் போதை கிடையாது. கூடுதலாகப் போட்டால் வயிற்றுப்போக்குதான் வரும். வேட்கையைத் தணிக்கும், அவ்வளவே. தம்பி, மதிய வேளையை ஆலையில் விட்டுவிடாதீர்கள். விடுவது எப்போதும் மதிய வேளைதான்.


ஒற்றைப்பனை
9 செப்டம்பர் 2024, காலை 5.50

வியாழக்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்று சொல்வார்களே, குடியை விட விரும்புகிறவர்கள் கூடும் கூட்டம், 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்ததில் தொடங்கியது. கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை, முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். எங்கள் கூட்டம் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் நடக்கிறது. மதம் மாற்றிவிடுவார்கள் என்று என் அம்மா பயந்தார். ஆறு ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் கார்த்திகைக்கு மாலை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரே வித்தியாசம், கழற்றும் நாளுக்காக நாள் எண்ணுவதில்லை.

பேச வேண்டாம், பின்வரிசையில் உட்கார்ந்து டீ குடியுங்கள். டீ சுமாராகத்தான் இருக்கும்.


மைக்ரோமீட்டர்
3 அக்டோபர் 2024, இரவு 9.00

சின்னச் செய்தி. நேற்று காந்தி ஜெயந்தி. கடை மூடியிருந்தது என்பது இன்று மாலை கேண்டீனில் பேசிக்கொண்டபோதுதான் நினைவுக்கு வந்தது.


மைக்ரோமீட்டர்
13 அக்டோபர் 2024, இரவு 11.50

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. எந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் வைத்து, பொரி கடலை பொட்டலம் கொடுத்து, நான்கு மணிக்கு மேலாளர்கள் கிளம்பிவிட்டார்கள். பின்பக்க ஷெட்டில் வழக்கமான கூட்டம். பதினாறு ஆண்டுகளாக அங்கே டம்ளர் அடுக்கித் தந்தவன் நான்தான். போகாமல் இருந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று போனேன். எல்லாருக்கும் தெரியும் என்பது மேலாளர் சொல்லி எனக்கே தெரியும், இருந்தும் போனேன். ஒருவன், "கடவுள் பிரசாதம் மாதிரி ஒரு வாய்" என்றான். 45 நாள். அந்த ஒரு கட்டிங்கோடு எழுந்து வந்துவிட்டேன் என்று எழுத ஆசை. வரும் வழியில் குவாட்டர் வாங்கினேன். நேற்றும் வாங்கினேன்.

இரண்டு வாரமாக மதிய மாத்திரை போடவில்லை. கேண்டீன் மேசையில் மாத்திரை அட்டையை எடுக்கக் கூச்சமாக இருந்தது.

இன்று குடிக்கவில்லை. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அழுதிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.


இரவுப்பணி
14 அக்டோபர் 2024, காலை 6.30

இரண்டு நாள்தானே? கை எப்படி இருக்கிறது? வியர்வை? குரல் ஏதும் கேட்டதா? இருந்தால் இன்றே அவசரப் பிரிவுக்கு. இல்லாவிட்டால் நாளை ஓபிக்கு. எனக்கு எழுதியதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள், மதிய மாத்திரை உட்பட. திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள்தான் ஒரு மாதம் கழித்து ஸ்ட்ரெச்சரில் வருகிறார்கள். இரவில் மனம் மிகவும் தாழ்ந்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம். குடி, போதைப் பழக்கத்துக்கென்றே 14446 இருக்கிறது.

45 நாளில் உங்கள் கல்லீரல் செய்த வேலையை இரண்டு இரவு அழித்துவிடாது. அட்டையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி ஆலை அதைத்தானே சாப்பிடுகிறது.


உழவர்_சந்தை
14 அக்டோபர் 2024, காலை 8.05

சொன்னேனே என்று எழுத வந்தேன். பிறகு என் சித்தப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பேத்தி பிறந்த பிறகு இரண்டு முறை குடித்தாராம். எங்கள் யாருக்கும் தெரியாதாம். அவ்வளவுதான், வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.


மைக்ரோமீட்டர்
10 நவம்பர் 2024, காலை 10.20

கேட்டவர்களுக்காக. ஆயுத பூஜை வாரத்துக்குப் பிறகு தொடவில்லை. போன வாரப் பரிசோதனையில் காமா ஜிடி 312லிருந்து 74. தூக்கம் இன்னும் மூன்று மணிக்கே கலைந்துவிடுகிறது. பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. நரம்பு மெதுவாகத்தான் தேறுமாம். தீபாவளி போனஸ் மனைவியின் கணக்குக்கே போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழன் கூட்டத்தில் மூன்றாம் வாரம் வாய் திறந்தேன். டீ உண்மையிலேயே சுமார்தான்.

மெமோ கோப்பில் இருக்கிறது. பயிற்சிப் பையனிடமும் பேசினேன். "தெரியும் சார்" என்று மட்டும் சொன்னான். மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. இப்போது நான் அளந்த பத்து ஷாஃப்ட்டில் இரண்டை அவனை விட்டு மறுபடி அளக்கச் சொல்கிறார் மேலாளர். முதலில் குத்தியது. இப்போது அவன் அளவும் என் அளவும் ஒத்துவருகிறதா என்று நானே எட்டிப்பார்க்கிறேன்.

ஒரு யோசனை கேட்கத்தான் வந்தேன். இந்த மாதம் முதல் இரண்டாம் ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன். பிற்பகல் 2.30க்கு உள்ளே போனால் இரவு 10.30க்குத்தான் விடுவார்கள். கடை பத்து மணிக்கே மூடிவிடும். மாலை ஐந்தரைக்கு வெளியே வந்து அந்தத் திருப்பத்தைக் கடக்கும் வேலையே இல்லை. இதில் ஏதும் கோளாறு இருக்கிறதா?


இரவுப்பணி
10 நவம்பர் 2024, பகல் 12.45

தூக்கம் கெடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குமேல் பின்வாசலில் விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைவிட ஒரு கேள்வி: கடை 12க்குத் திறக்கிறது, நீங்கள் 2.30க்குப் போகிறீர்கள். நடுவில் இரண்டரை மணி நேரம், வீட்டில் அப்பா மட்டும்தானே?


மைக்ரோமீட்டர்
10 நவம்பர் 2024, பிற்பகல் 1.30

அதற்கு மனைவி ஒன்று செய்திருக்கிறாள். மகனுக்குக் காலையில் டிபன் பாக்ஸ் கட்டுவதை நிறுத்திவிட்டாள். சூடான சாப்பாட்டை நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 12 மணிக்குச் சாதம் இறக்கினால் கட்டுவதற்குப் பத்து நிமிடம், சைக்கிளில் இருபது நிமிடம். பள்ளியில் மணி 12.40க்கு. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, அப்படியே ஆலைக்குப் போய்விடுகிறேன். போகும் வழியில் கடை இல்லை. அந்த வழியைத் தேடிக் கண்டுபிடித்தவளும் அவள்தான், ஒரு கிலோமீட்டர் சுற்று.